வெள்ளம் கேட்கும் வாடகை

மும்பையில் உங்கள் கட்டடத்துக்கு எவ்வளவு ஆபத்து? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லி மீட்டர். அதே நாளில் கொலாபா நிலையத்தில் பதிவானது 73 மில்லி மீட்டர்தான். இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் சுமார் 20 கிலோ மீட்டர். ஒரே நகரம், ஒரே நாள். தெற்கே வழக்கமான மழைக்கால நாள். வடக்கே குர்லாவிலும் கலீனாவிலும் வீடுகளுக்குள் ஆள் உயரத் தண்ணீர். மும்பையில் மட்டும் 400-க்கு மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள்.

கொலாபாவுக்கு என்றென்றும் விலக்கு உண்டு என்று சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 330 மில்லி மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஆகவே, "நம்ம ஏரியாவில் தண்ணீர் வராது" என்ற பேச்சை அப்படியே நம்பி விடக் கூடாது. அதேபோல், "மும்பை என்றால் எல்லா இடமும் முழுகத்தான் செய்யும்" என்று கைவிட்டு விடவும் கூடாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆபத்து தனித்தனி. அதை உத்தேசமாகக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. என்ஜினீயர்களும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் செய்யும் அந்தக் கணக்கைக் கூட்டல், பெருக்கல் தெரிந்த யாரும் போடலாம்.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், ஆண்டாப்ஹில்லிலும், குர்லாவிலும், செம்பூரிலும் நம்மவர்கள் பலர் குடியிருப்பது கீழ்த்தளத்தில். காரணம், அங்கேதான் வாடகை குறைவு. அந்தக் குறைவு உண்மையான குறைவுதானா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று கேள்விகள்

வெள்ளச் சேதத்தை மதிப்பிடும் நிபுணர்கள் முதலில் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்.

ஒன்று: அந்த இடத்துக்குத் தண்ணீர் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வருகிறது?

இரண்டு: வந்தால், வீட்டுத் தரைக்கு மேலே எத்தனை அடி நிற்கிறது? எத்தனை மணி நேரம் நிற்கிறது?

மூன்று: அந்த உயரத்தில் நனையக் கூடியது என்ன? சுவர் எதனால் கட்டியது? வீட்டுக்குள் என்னென்ன பொருள் இருக்கிறது?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் ஆபத்து ரூபாய்க் கணக்கில் வந்து விடும். ஒன்று விட்டுப் போனாலும் கணக்கு தப்பும். அடிக்கடி தண்ணீர் வரும் தெருவில் நான்கடி உயரத்தில் கட்டிய வீடு தப்பித்துக் கொள்ளும். என்றோ ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில், சாலையை விடத் தாழ்ந்த வீடு அந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் இழக்கும்.

தண்ணீர் ஏன் வடிவதில்லை?

மும்பைத் தீவு நகரம் ஏழு தீவுகளை ஒட்ட வைத்து உண்டாக்கியது. தீவுகளுக்கு நடுவே இருந்த சதுப்பும் ஓடையும்தான் இன்று பல தெருக்கள். தாதர் இந்துமாதா, மாட்டுங்கா அருகே கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் போன்ற இடங்கள் சுற்றுப்புறத்தை விடத் தாழ்ந்தவை. சுற்றியுள்ள தண்ணீர் தானாக அங்கே வந்து சேரும்.

நகரின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும் அளவுக்குத் திட்டமிடப்பட்டவை. அதுவும் கடல் வற்றி இருக்கும் நேரத்துக்கு உரிய கணக்கு. 2005 ஜூலை 26-ந் தேதி பிற்பகல் சாந்தாகுரூஸில் ஒரே மணி நேரத்தில் பெய்தது 190 மில்லி மீட்டர்! மணிக்கு 50 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும்படி கால்வாய்களை மாற்ற வேண்டும் என்று 1993-ம் ஆண்டிலேயே 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை சிபாரிசு செய்திருந்தது. வேலை வேகம் பிடித்தது 2005-க்குப் பிறகுதான்.

அடுத்தது கடல் ஏற்றம். மராத்தியில் 'பர்தி' என்பார்கள். மும்பைக் கடல் நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. பெரிய ஏற்றம் நான்கரை மீட்டரையும் தாண்டும். கால்வாய்கள் கடலில் விழும் வாய்கள் மொத்தம் 186. இவற்றில் சுமார் 45 வாய்கள் சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. பெரிய ஏற்றத்துக்கு மேலே இருப்பவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. எனவே ஏற்ற நேரத்தில் கனமழை பெய்தால் தண்ணீருக்குப் போக வழி இல்லை. கடல் இறங்கும் வரை, சில மணி நேரம், தெருவிலேயே நிற்கும்.

இதற்காகத்தான் ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய இடங்களில் பெரிய பம்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. இந்துமாதாவில் தேங்கும் தண்ணீரைப் பிடித்து வைக்க, அருகே பூமிக்கு அடியில் தொட்டிகளும் கட்டப்பட்டிருக்கின்றன. இவை தண்ணீர் நிற்கும் நேரத்தைக் குறைக்கின்றன. ஆனால் 2005-ஐப் போன்ற மழையை எந்தப் பம்பும் முழுவதுமாக விழுங்கி விடாது.

மித்தி ஆறு இன்னொரு பக்கம். விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரோடு சுமார் 18 கிலோ மீட்டர் ஓடி, சாக்கிநாக்கா, குர்லா, தாராவி ஓரமாக வந்து மாகிம் கழியில் கலக்கிறது. ஏரி நிரம்பி, மழையும் கொட்டி, கடலும் ஏறினால் கரையோரக் குடிசைகளுக்கும் கோலிகளுக்கும் மும்முனைத் தாக்குதல்தான்.

அடிக்கணக்கு

தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று கேட்டால் பயமாக இருக்கிறது. ஆனால் சேதத்தைத் தீர்மானிப்பது தெருத் தண்ணீரின் உயரத்திலிருந்து வீட்டின் பேஸ்மட்டத்தைக் கழித்தால் வரும் மிச்சம். தெருவில் இரண்டடி, பேஸ்மட்டம் ஒன்றரை அடி என்றால் வீட்டுக்குள் அரை அடி.

பேஸ்மட்டம் சுற்றுத் தரையை விடக் குறைந்தது 45 சென்டி மீட்டர், அதாவது ஒன்றரை அடி, உயர்ந்திருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. மும்பையின் பழைய சால்களில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே புதிய அடுக்கு ஏறுகிறது. ஐம்பது வருடங்களுக்கு முன் இரண்டு படி ஏறிப் போன அறைக்கு, இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கட்டடம் அப்படியே இருக்கிறது. ஆபத்து மட்டும் உயர்ந்து விட்டது.

எந்த உயரத்தில் என்ன போகும்?

தண்ணீர் உயர உயரச் சேதமும் உயரும். ஆனால் ஒரே சீராக உயராது. முதல் மூன்றடியில்தான் வேகமாக ஏறும்.

அரை அடி: பாய், அட்டைப் பெட்டி, செருப்பு. இவற்றோடு பிரிட்ஜும் போகலாம். அதன் கம்ப்ரஸர் அடிப்பக்கம்தான் இருக்கிறது. வாஷிங் மெஷின் மோட்டாரும், இட்லி மாவு அரைக்கும் பெரிய கிரைண்டரின் மோட்டாரும் அப்படியே. இட்லி வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு அரை அடித் தண்ணீர் என்பது பிழைப்பையே நிறுத்துகிற தண்ணீர்.

ஒன்று முதல் இரண்டு அடி: கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டி, அரிசி, துணிமணி, மெத்தை, மர அலமாரியின் கீழ்த்தட்டு, தாழ்வான பிளக் பாயிண்ட். தையல் மெஷினின் மோட்டாரும் தோல் கட்டுகளும் இந்த உயரத்தில்தான் மாட்டிக் கொள்கின்றன.

மூன்றடி: வீட்டில் இருப்பதில் பெரும் பகுதி. ரேஷன் கார்டு, பள்ளிச் சர்டிபிகேட், வாடகை ஒப்பந்தம், ஊரில் உள்ள நிலத்தின் பத்திரம் ஆகியவையும் இதில் சேரும். அவற்றுக்கு ரூபாய் மதிப்பு போட முடியாது. ஆனால் மாற்றுப் பிரதி வாங்க எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் மதிப்பு தெரியும்.

சுவருக்கு என்ன ஆகும்?

கட்டடத்துக்குத் தண்ணீர் மூன்று விதமாகக் கெடுதல் செய்கிறது.

முதலாவது, தள்ளும் விசை. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் சுவரின் ஒரு பக்கம் மட்டும் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் 500 கிலோ விசையோடு தள்ளுகிறது. தண்ணீர் இரண்டு மீட்டர் ஆனால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதாவது 2,000 கிலோ. நாலரை அங்குலச் செங்கல் சுவர் இதற்கு நிற்காது. நீர் வெளியேறத் துளை விடாத காம்பவுண்டுச் சுவர்களும், மண்சரிவைத் தாங்கும் சுவர்களும் இப்படித்தான் ஆபத்தாகின்றன. 2019 ஜூலை 2-ந் தேதி அதிகாலை மலாடு பிம்ப்ரிபாடாவிலும், 2021 ஜூலை 18-ந் தேதி அதிகாலை செம்பூரை அடுத்த மாகுல் பாரத் நகரிலும் கனமழையின்போது சுவர் இடிந்து குடிசைகள் மேல் விழுந்து பலர் மாண்டார்கள். இரண்டுமே மேட்டுப் பகுதிகள். ஆகவே "நாங்கள் மேட்டில் இருக்கிறோம்" என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. உங்கள் வீட்டுக்கு மேலே யாருடைய சுவர் நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, அரிப்பும் அமுக்கமும். மண் கொட்டி நிரப்பிய நிலத்தில், தண்ணீர் ஏறி இறங்கும்போது அஸ்திவாரத்துக்குக் கீழுள்ள மண் நகரும். கட்டடம் ஒரு பக்கமாக இறங்கும்.

மூன்றாவது, உப்பு. கடல் ஏற்றத்தோடு கலந்து வரும் தண்ணீரில் உப்பு இருக்கும். அது கான்கிரீட்டுக்குள் ஊறி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பை விடப் பருமன் அதிகம். உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளந்து விடும். இந்தச் சேதம் வெள்ளம் வடிந்த அன்று தெரியாது. சில வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

தண்ணீர் வடிந்ததும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: சாய்வாக ஓடும் புதிய விரிசல், வயிறு தள்ளிய சுவர், திடீரென்று சிக்கிக் கொள்ளும் கதவு, தூணின் அடியில் உதிரும் காரை, இற்றுப் போன மரத் தூண். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உள்ளே படுக்காமல் உடனே வார்டு ஆபீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மாநகராட்சி மிகவும் பழுதான கட்டடங்களை 'சி-1' என்று வகைப்படுத்துகிறது. தீவு நகரத்தில் 1969 செப்டம்பருக்கு முன் கட்டிய செஸ் கட்டடங்களை மாடாவின் பழுதுபார்ப்பு வாரியம் கவனிக்கிறது. இரு நிறுவனங்களும் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. உங்கள் கட்டடத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

"நூறு வருடத்துக்கு ஒரு முறை" என்றால்?

"இது நூறு வருட வெள்ளம்" என்று கேட்டதும், இனி நூறு வருடத்துக்குக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் வேறு. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். போன வருடம் வந்தாலும் இந்த வருடம் அதே வாய்ப்பு இருக்கிறது. 30 வருடம் ஒரே வீட்டில் இருந்தால், அதற்குள் ஒரு முறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26.

"பத்து வருட வெள்ளம்" என்றால், ஐந்து வருடத்துக்குள் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 41. பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு 65. நம்மில் பலர் ஒரே கோலியில் பத்து வருடம் இருந்து விடுகிறோம்.

இதோ கணக்கு

உதாரணத்துக்கு நாலா ஓரமாக ஒரு கீழ்த்தளக் கோலியை எடுத்துக் கொள்வோம். வாடகை மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெய்யும் மழையில் தண்ணீர் வாசலோடு நிற்கும். நஷ்டம் இல்லை. பத்து வருட மழையில் உள்ளே ஓர் அடி. நஷ்டம் 20,000 ரூபாய். ஐம்பது வருட மழையில் உள்ளே மூன்றடி. நஷ்டம் 80,000 ரூபாய்.

வருட வாய்ப்பாகச் சொன்னால் இவை நூற்றுக்கு 50, 10, 2.

முதல் பகுதி: 50-க்கும் 10-க்கும் இடையே நூற்றுக்கு 40. சராசரி நஷ்டம் 10,000. பெருக்கினால் 4,000 ரூபாய்.

இரண்டாம் பகுதி: 10-க்கும் 2-க்கும் இடையே நூற்றுக்கு 8. சராசரி நஷ்டம் 50,000. பெருக்கினால் 4,000 ரூபாய்.

மூன்றாம் பகுதி: மிச்சம் நூற்றுக்கு 2. நஷ்டம் 80,000. பெருக்கினால் 1,600 ரூபாய்.

கூட்டினால் வருடத்துக்கு 9,600 ரூபாய். மாதம் 800 ரூபாய். ஆக, கோலியின் உண்மை வாடகை 8,800. அதே வட்டாரத்தில், மேடான சந்திலோ முதல் மாடியிலோ 8,500 ரூபாய்க்கு அறை கிடைத்தால் அதுதான் மலிவு. மாதம் 800 ரூபாயை வெள்ளம் மாதா மாதம் வந்து வாங்குவதில்லை. பல வருட பாக்கியை ஒரே நாளில் மொத்தமாக வசூலிக்கிறது. அதனால்தான் அது வாடகை என்று நமக்குத் தெரிவதில்லை.

இந்தக் கணக்கில் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும், எலிக்காய்ச்சல் போன்ற நோய்களுக்கு ஆகும் செலவும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும்.

இனி, சொந்தக் கோலியாக இருந்து தரையை ஒன்றரை அடி உயர்த்துவதாக வைத்துக் கொள்வோம். பத்து வருட மழையில் நஷ்டம் இல்லை. ஐம்பது வருட மழையில் உள்ளே ஒன்றரை அடி, நஷ்டம் 30,000. அதே முறையில் கணக்குப் போட்டால் வருட நஷ்டம் 1,800 ரூபாயாக இறங்கும். மிச்சம் 7,800. தரையை உயர்த்த 35,000 ரூபாய் செலவானால் நாலரை வருடத்தில் திரும்பி விடும்.

கூரை தாழ்ந்திருந்து தரையை உயர்த்த முடியாதவர்களும், வாடகைக்கு இருப்பவர்களும் பொருளை உயர்த்தலாம். பிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டு, சர்டிபிகேட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பரண் மேல் ஒரு பெட்டி. செலவு சிறிது. ஓர் அடித் தண்ணீரில் ஏற்படும் நஷ்டத்தில் பெரும் பகுதி குறைந்து விடும்.

கோலி பார்க்கும்போது

டிபாசிட் கொடுப்பதற்கு முன், மழைக்காலத்தில் ஒரு முறை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். கடல் ஏற்ற நேரத்தைத் தெரிந்து கொண்டு அந்த நேரத்தில் போவது நல்லது.

சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போட்டது போல் ஈரக் கறை இருக்கிறதா? கடைகளின் இரும்பு ஷட்டர் எந்த உயரம் வரை துருப்பிடித்திருக்கிறது? பக்கத்து வீடுகளில் பிளக் பாயிண்ட் எல்லாம் நான்கடி உயரத்தில் இருக்கிறதா? வாசலில் தண்ணீர் தடுக்கும் கட்டை கட்டியிருக்கிறார்களா? தரகர் சொல்லாததை இவை சொல்லும்.

அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களிடம் "தண்ணீர் வருமா?" என்று கேட்காதீர்கள். "2005-ல் எதுவரை வந்தது? 2017 ஆகஸ்டில்? 2019 ஜூலையில்?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதை டேப்பால் அளந்து எழுதிக் கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்குக்கு வேண்டியது இதுதான்.

இன்சூரன்ஸ் உதவுமா?

உதவும். 2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசி நடைமுறைக்கு வந்தது. வெள்ளச் சேதம் அதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டு விட்டு வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். பிரீமியத்தை, நீங்கள் போட்ட வருட நஷ்டக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாபமா நஷ்டமா என்று தெரிந்து விடும்.

பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெள்ளம் வந்தால் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் தேதியோடு குறியுங்கள். பொருள் வாங்கிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பஞ்சநாமாவுக்கு வரும் அதிகாரியிடமும், இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் வாய்ப்பேச்சை விட இவை பேசும்.

நகரத்தின் கணக்கு

ஒரு கோலிக்குப் போட்ட இதே கணக்கை நகரம் முழுவதற்கும் போடலாம். மும்பைக்கு அப்படிப் போட்ட ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. கால்வாய் அமைப்பைச் சீராக்கினால், நூறு வருட வெள்ளத்தின் நஷ்டத்தில் 70 சதவீதம் வரை குறைக்கலாம் என்று அது கண்டது.

2020 ஜூன் மாதம் மும்பைக்காக 'ஐ-புளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கப்பட்டது. எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மூன்று நாள் வரை முன்னதாகக் கணிப்பது அதன் வேலை. இதை உருவாக்கியதில் சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்துக்கும் பங்கு உண்டு.

எச்சரிக்கை வார்டு வரைக்கும் வரும். உங்கள் வாசற்படியின் உயரம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதை அளக்க வேண்டியவர் நீங்கள்தான். இந்த மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேப்பும் நோட்டும் எடுத்துக் கொண்டு சாலில் உள்ள நான்கு பேர் சேர்ந்து அளந்து விடுங்கள். சாலை மட்டம், பேஸ்மட்டம், 2005-ன் தண்ணீர் மட்டம் என்று மூன்று அளவுகள் போதும். அடுத்த முறை சாலையை உயர்த்த காண்டிராக்டர் ஆட்கள் வரும்போது, வார்டு ஆபீசில் காட்ட அந்த நோட்டு கையில் இருக்கும்.